மாரி பார்க்காத பலகை

திறக்காத பூட்டின் முன்னால் நின்று யாரும் தன் மூளையைக் குறை சொல்வதில்லை. பூட்டுப் பழுது என்று ஆளைக் கூப்பிடுவார்கள். புதிர்ப்பெட்டி அப்படியில்லை. அது திறக்க மறுத்தால், வாங்கியவர் தனக்குத்தான் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொள்வார். செய்தவன் பிழைவிட்டிருப்பான் என்ற எண்ணம் கடைசியாகத்தான் வரும்; பலருக்கு வருவதேயில்லை. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ரீச்சருக்கும் வரவில்லை. அதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

சண்டிலிப்பாயில் எங்களுக்குத் தலைமுறைத் தொழில் தச்சு. கதவு, யன்னல், கட்டில், அலுமாரி. முந்தி பெட்டகமும் செய்திருக்கிறார்கள். பழைய பெட்டகங்கள் சிலவற்றில் கள்ளறை இருக்கும். உள்ளே ஒரு சிறு பலகையைத் தள்ளினால் நகை வைக்கும் இடம் தெரியும். சின்ன வயதில் அதைக் கண்ட வியப்பு என்னை விடவில்லை. வளர்ந்த பிறகு, கண்டிப் பக்கம் உல்லாசப் பயணிகளுக்கு விற்கிற இரகசியப் பெட்டிகளை வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். சாவி ஒரு பலகைக்குள்ளும் சாவித்துவாரம் இன்னொரு பலகைக்குப் பின்னாலும் மறைந்திருக்கும். அங்கிருந்து என் தேடல் ஜப்பானுக்குப் போனது.

எடோவையும் கியோத்தோவையும் இணைத்த பழைய பெருவழி ஹகோனே மலையைத் தாண்டிப் போகிறது. அந்த வழியில் ஹதாஜுகு என்றொரு கிராமம். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இஷிகாவா ஜின்பேய் என்பவர் அங்கே பல நிற மரச் சிலாகைகளை ஒட்டிக் கோலம் படைக்கும் வேலையைத் தொடங்கினார். சாயம் கிடையாது, மரத்தின் சொந்த நிறம்தான். ஒட்டிய கட்டையைச் சீவுளியால் சீவினால் கோலம் முழுதாகக் கடதாசி மெல்லிசில் கழன்று வரும். அதை அங்கே செய்யும் புதிர்ப்பெட்டியின் மேல் ஒட்டினால் மூட்டுகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும். 1984இல் ஜப்பான் அரசு இதை மரபுக் கைவினையாக அறிவித்தது. பெட்டிகளை, திறக்கத் தேவையான அசைவுக் கணக்கில் சொல்வார்கள்: 4, 7, 10, 21, 54, 72 என்று போகும். திறக்கும் முறையைத் தாளில் அச்சடித்துப் பெட்டியோடு கொடுப்பார்கள்.

நான் செய்தது ஏழு அசைவுப் பெட்டி. பலா மஞ்சளுக்கு, வேம்பு செம்மைக்கு, பனை வைரம் கறுப்புக்கு. இடப்பக்கச் சிறு பலகை மூன்று மில்லிமீற்றர் கீழே இறங்கும். அது இறங்கினால்தான் முன்பலகையின் நாக்குத் தவாளிப்பை விட்டு விலகும். முன்பலகை கொஞ்சம் நகரும். அந்த நகர்வு அடுத்ததை விடுவிக்கும். இப்படி ஒன்றின் கையில் இன்னொன்றாகப் போய், ஏழாவதில் மூடி வழுக்கும். அந்த வேலையைப் பற்றி எனக்கு இன்றைக்கும் வெட்கமில்லை. வெட்கம் பலகையில் இருக்கிறது.

மரம் நீளப்பாட்டில் அநேகமாக அசையாது, அகலப்பாட்டில் அசையும். சோளகம் அடிக்கும் ஆடியில் வற்றிச் சுருங்குகிற நாலு அங்குலப் பலகை, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு மில்லிமீற்றர் வரை ஊதும். அதனால்தான் அப்பா, பலகை எங்கள் கொட்டிலில் ஒரு மாரியும் ஒரு கோடையும் பார்க்காமல் அதில் உளி வைக்க விடமாட்டார். நான் வைத்தேன். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து சனம் வரும் காலம் அது. பெட்டிகளை அதற்கு முன்னர் முடித்துவிட வேண்டும் என்ற அவதி. மரக்காலையிலிருந்து வந்த பலா முழுதாகக் காயவில்லை என்பது சீவும்போதே கைக்குத் தெரிந்தது. இடைவெளி பக்கத்துக்கு அரை மில்லிமீற்றர் விட்டிருக்க வேண்டும். அதில் பாதிதான் விட்டேன். இறுக்கமாக, சத்தமில்லாமல் வழுக்கினால் பார்ப்பவர் வாய்பிளப்பார் என்ற ஆசை. திறக்கும் முறையையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஒருமுறை செய்து காட்டிவிட்டு, மிச்சம் உங்கள் கெட்டித்தனம் என்று விட்டேன்.

ரீச்சர் அதை வாங்கியது கணவரின் கடிதங்களை வைக்க. அவர் கொழும்பில் வேலை செய்த காலத்தில் எழுதியவை. 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தில் எங்கள் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது உடுப்புப் பையோடு போய், உடுப்புப் பையோடு திரும்பி வந்தவை. கணவர் இப்போது இல்லை.

கார்த்திகையில் ரீச்சர் குடை பிடித்துக்கொண்டு பெட்டியோடு வந்தார். “தம்பி, முதலாவதுக்கு மேல எனக்கு வரேல்லை. மறந்து போனன் போல.”

கையில் வாங்கியதுமே விளங்கிவிட்டது. காயாத முன்பலகை பிறகு காய்ந்து கோணி, மாரிக்கு ஊதித் தவாளிப்பில் இறுகியிருந்தது. ஏழு அசைவையும் செய்த என்னாலேயே அதைத் திறக்க முடியாது. அப்போது ஒரு வசனம் போதும்: ரீச்சர், இது என்ர பிழை. பட்டறையில் வேறு இருவர் நின்றார்கள், அவர்களில் ஒருவர் பெட்டி சொல்லிவைக்க வந்தவர். நான் சொன்னது இது: “அவசரப்பட்டு மாறி அமத்திப் போட்டியள் போல, ரீச்சர்.”

பெட்டியைப் பின்னறைக்குக் கொண்டுபோனேன். மெல்லிய தகட்டை விட்டு நெம்பி, நாக்கின் ஓரத்தை உளியால் சுரண்டி, மெழுகு தேய்த்தேன். திரும்பி வந்து அவர் கண்முன்னால் ஏழு அசைவையும் ஒன்றொன்றாகச் செய்து திறந்து காட்டினேன். கடிதங்கள் அப்படியே இருந்தன. ரீச்சர் அவற்றைப் பார்க்கவில்லை, என் விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இதைத்தானே நானும் செய்தனான்” என்றார். பிறகு, “வயசு போட்டுது” என்றார். நான் காசு வாங்கவில்லை. அதை என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிப் போனார்.

கோயில் கணக்கு எத்தனையோ வருடமாக அவர் கையில்தான் இருந்தது. தையில் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறதி வந்துவிட்டது, பொதுப் பணத்தில் பிழைவிடக் கூடாது என்று சொன்னாராம். மறதிக்கு வேறு காரணங்களும் அவருக்குத் தெரிந்திருக்கலாம் என்று என்னை நானே ஆற்றிக்கொண்டேன். அந்த ஆறுதலில் ஒரு வருடம் போனது. மாரி வந்தபோது விற்ற மற்றப் பெட்டிகளை நினைத்தேன்; ஒருவரும் குறை சொல்லி வரவில்லை. வராததன் காரணம் எனக்குத் தெரியும்.

இந்தப் பங்குனியில் ரீச்சர் வீட்டுக்குப் போய், காயாத பலகையையும் பின்னறையில் செய்ததையும் முழுதாகச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. முன்பலகையைக் கழற்றிக் காட்டச் சொன்னார், உளி பட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தார், எந்த மாதம் ஊதும் எந்த மாதம் சுருங்கும் என்று கேட்டார். பெட்டியைத் திருப்பி எடுக்கிறேன் என்றேன், மறுத்துவிட்டார். மாரி பார்த்த பலாவில் ஒரு முன்பலகை செய்து கொடுத்திருக்கிறேன், திறக்கும் முறையை எழுதிய தாளோடு. மற்றவர்களுக்கும் சொல்லியனுப்பியிருக்கிறேன், பெட்டியைத் திருப்பித் தந்தவர்களின் காசைக் கொடுத்து முடிக்கவில்லை.

கோயில் கணக்கை ரீச்சரிடமே மறுபடி கொடுக்கும்படி சபைக்காரரிடம் கேட்டேன். ஏன் என்றும் சொன்னேன். இப்போது அதைச் செய்கிற பையன் கணினியில் போட்டுவிட்டானாம், இனி மாற்றுவது கஷ்டம் என்றார்கள்.