விரலால் எண்ணும் ரேடியோ



நான் செய்த ரேடியோவின் படத்தைப் பார்த்து, "ஒரே ஒரு குமிழுக்கு இத்தனை ஐ.சி. எதற்கு சார்?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

நீங்கள் வரும்போதெல்லாம் காபி போட்டுக் கொடுத்த அம்மாவுக்குக் குளுக்கோமாவால் பார்வை மிகவும் குறைந்துவிட்டது. ரேடியோவின் எண்களைப் படிக்க முடிவதில்லை. அதனால் விரலால் எண்ணும்படி இதைச் செய்தேன். குமிழை அழுத்தினால் முதல் நிலையம். அங்கிருந்து இரண்டு ‘டக்’ திருப்பினால் செய்தி, நான்கு ‘டக்’ பழைய பாட்டு. ஒரு ‘டக்’ தவறினாலும் வேறெங்கோ போய் நிற்பார்.

அந்தக் குமிழ் ஒரு ரோட்டரி என்கோடர். உள்ளே ஏ, பி என இரண்டு சுவிட்சுகள், சற்றே முன்பின்னாக மூடித் திறக்கும். ஒரு பக்கம் திருப்பினால் 00, 01, 11, 10. மறுபக்கம் திருப்பினால் அதே வரிசை தலைகீழாக. ஒரு நேரத்தில் ஒரு பிட்தான் மாறும். இதுதான் கிரே கோட். பெல் ஆய்வகத்தின் ஃபிராங்க் கிரே 1947-இல் விண்ணப்பித்து 1953-இல் காப்புரிமை பெற்றார்.

வகுப்பில் போட்ட 7474 ஃபிளிப்-ஃபிளாப் சுற்று நினைவிருக்கும். ஏ கிளாக்கில், பி டி-யில். க்யூ திசையைச் சொல்லும். ஆனால் தொடுமுனை துள்ளினால் கிளாக்கின் ஒவ்வொரு ஏற்றமும் அதே திசையில் ஓர் எண்ணிக்கையாகச் சேரும். நடுங்கும் விரலுக்கு அது ஒத்துவராது.

ஆகவே ஒவ்வொரு கம்பிக்கும் 10 கிலோ ஓம், 0.1 மைக்ரோஃபாரட், பிறகு 74எச்சி14 ஷ்மிட் டிரிகர். துள்ளலில் பெரும்பகுதி அங்கேயே அடங்கும். மீதி மைக்ரோகன்ட்ரோலரின் வேலை. பழைய நிலை 2 பிட், புதிய நிலை 2 பிட். மொத்தம் 16 வாய்ப்புகள். 4 முன்னே, 4 பின்னே, 4 மாற்றமில்லை. ஏ மட்டும் நடுங்கினால் +1, -1 என்று தானாகவே கழிந்துவிடும். நான்கு படி சேர்ந்தால் ஒரு ‘டக்’.

எஞ்சிய 4-இல் இரண்டு பிட்டும் சேர்ந்தே மாறியிருக்கும். நடுவில் ஒரு படி தவறிவிட்டது, எந்தத் திசை என்று தெரியாது. அங்கே நிரலை ஊகிக்க விடவில்லை. ஒரு ‘பீப்’ கொடுக்கும். அம்மா குமிழை அழுத்தி முதலிலிருந்து எண்ணிக்கொள்வார். பார்த்துத் திருத்திக்கொள்ள முடியாதவரிடம் கருவி தப்பாக ஊகிக்கக் கூடாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் செய்து கொடுக்க நினைப்பவர்கள் கீழே எழுதுங்கள். சுற்றுப்படம் வரைந்து போடுகிறேன்.