எள்ளுதலும் இயக்கிப் பார்த்தலும்

ஒரே பணியை இருவர் செய்கையில் எழும் பூசலைவிட, ஒருவர் முடித்த இடத்தில் மற்றவர் தொடங்கவேண்டியிருக்கையில் எழும் பூசலே கடுமையானது. கணினித் துறையில் நாம் இதை நாள்தோறும் காண்கிறோம்.

புதுவையில் நாம் பணிபுரியும் அலுவலகத்தில் மென்பொருள் பொறியாளர்கள் ஒருபுறம், தரவு அறிவியலாளர்கள் மறுபுறம். இடையே சுவரில்லை. ஆயினும், முன்னாளில் பிரெஞ்சுக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த பெரிய வாய்க்கால் அங்கும் ஓடுகிறது. புள்ளிவிவரங்களிலிருந்து நாளை நிகழவிருப்பதைக் கணிப்பவருக்கு விடை கிடைத்தால் போதும். அவர் எழுதிய நிரலை ஓயாது இயக்கவேண்டிய பொறியாளரோ, எந்த வரி எதற்கென்று புரியாமல் தவிக்கிறார். ஓர் இளைஞரின் நிரலை அனைவர் முன்னிலையிலும் 'குப்பை' என்றார் ஒருவர். மறுமாதமே இளைஞர் விலகிச் சென்றார். அவருடைய கணிப்பு முறையை முழுதும் அறிந்தவர் இன்று அங்கு எவருமில்லை.

இப்பூசலை உலகமே ஒருமுறை கண்டது. 2020 மார்ச்சில் இலண்டன் இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் நீல் பெர்குசனின் குழு, கொரோனாவைத் தடுக்க ஏதும் செய்யாவிடில் பிரிட்டனில் சுமார் 5,10,000 பேர் இறக்கக்கூடும் எனக் கணித்தது. சில நாள்களில் அங்கு ஊரடங்கு வந்தது. கணித்த நிரலோ, ஃபுளூ கொள்ளைநோய்க்காக 13 ஆண்டுகளுக்கும் முன் எழுதப்பட்டது. விளக்கக் குறிப்புகளற்ற ஆயிரக்கணக்கான வரிகள் என அவரே கூறினார். பொறியாளர்கள் உதவியுடன் சீர்செய்த வடிவம் வெளியானதும், மென்பொருள் வல்லுநர் பலர் அதனை எள்ளினர். ஒரே தொடக்கத்திற்கு வெவ்வேறு விடைகள் வருகின்றன என்றனர். ஜூனில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் எக்லன் அந்நிரலைத் தாமே இயக்கி, அறிக்கையின் முக்கிய முடிவுகள் மீண்டும் கிடைப்பதை உறுதிசெய்தார்.

கணிப்பு மெய்யென்பதற்கு இது சான்றன்று. கணக்கில் ஒளிவில்லை என்பதற்கே சான்று. எள்ளியவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு: மனித உயிர்களைப் பற்றிய கணக்கைப் பிறர் சரிபார்க்க இயலவேண்டும். ஆனால் நிரலின் அழகின்மை கணக்கைப் பொய்யாக்கிவிடாது. செம்மையாக எழுதிய நிரலும் தவறான எண்ணைப் பிழையின்றிக் கூட்டித் தரும். பொறியாளர் அஞ்சுவது இயந்திரம் நின்றுபோவதை. அறிவியலாளர் அஞ்சுவது விடை பொய்ப்பதை. இரண்டும் நேர்மையான அச்சங்களே. ஒன்றையொன்று கேட்கத் தொடங்கினால் பணி சிறக்கும். ஏளனம் செய்தால் அறிவுடையோர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து போய்விடுவர்.

தூற்றுவதற்கு ஒரு சொல் போதும். சோதிப்பதற்கோ, எழுதியவர் அருகே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அமர வேண்டும்.