845க்குக் காத்திருந்தவன்

பழவேற்காடு கடைத்தெருவில் இருக்கும் என் கடைப் பலகையில் இன்னும் 'டி.டி.பி., ஜெராக்ஸ்' என்றுதான் எழுதியிருக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்குப் பேஜ்மேக்கரைத் திறந்து உட்கார்ந்த காலம் போய்விட்டது. இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்கு ஆதாரையும் பாஸ்புக்கையும் நீட்டுகிறவர்கள். போன வாரம் கோட்டைக்குப்பத்துப் பையன் ஒருவன் வந்தான், கல்லூரியில் படிக்கிறவன். "மாமா, இன்டெல்லோட அடுத்த சிப்செட் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணட்டுமா? ரேம் ஸ்பீடு ஏத்துறாங்களாம்."

சிரித்துவிட்டேன். இதே கேள்வியோடு 2001ஆம் வருஷம் முழுக்க அலைந்தவன் நான்.

பென்டியம் 4 அதற்கு முந்தைய நவம்பரிலேயே வந்துவிட்டது. ஆனால் அதற்கு அப்போதிருந்த சிப்செட் 850 ஒன்றுதான். அது ராம்பஸ் மெமரியைத்தான் ஏற்கும். சென்னை ரிச்சி தெருவில் அதன் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தேன். அதற்கு முன் 820 சிப்செட்டில் சாதாரண எஸ்.டி. ரேமையும் ஓட்டலாம் என்று இடையில் ஒரு சில்லை வைத்து, அது கோளாறாகி, 2000 மே மாதம் இன்டெல்லே போர்டுகளை மாற்றித் தர வேண்டியதாயிற்று. ஆகவே எல்லார் கண்ணும் வரப்போகும் 845 மேல்தான். சாதாரண ரேமை ஏற்கும் என்றார்கள், டி.டி.ஆரும் உண்டு என்றார்கள். 'தமிழ் கம்ப்யூட்டர்' இதழில் ஒரு வரி வந்தாலும் வெட்டி வைத்துக்கொள்வேன்.

சிப்செட்டுக்கு ஏன் இத்தனை மவுசு என்று கேட்ட எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் பழவேற்காடு ஏரியின் முகத்துவாரத்தைத்தான் காட்டுவேன். ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வருவது அந்த வாய் வழியாகத்தான். வாய் மண் மூடிவிட்டால் ஏரியில் பிழைப்பு இல்லை. அந்தக் காலத்துப் போர்டில் பிராசசருக்கும் மெமரிக்கும் நடுவே அப்படி ஒரு வாய் இருந்தது; சிப்செட்டின் அந்தச் சில்லுக்கு நார்த் பிரிட்ஜ் என்று பெயர். பென்டியம் 4 நொடிக்கு 3.2 ஜி.பி. வாங்கிக்கொள்ளும். ராம்பஸ் இரட்டைத் தடத்தில் அதே 3.2 கொடுத்தது. 133 மெகாஹெர்ட்ஸ் எஸ்.டி. ரேம் கொடுத்ததோ 1.06தான். கோடையில் தூர்ந்துபோன முகத்துவாரம் போலத்தான். டி.டி.ஆர். 266 வந்தால் 2.1 கிடைக்கும். அந்த 2.1க்காகத்தான் காத்திருந்தேன்.

காத்திருந்த மாதங்களில் கடையில் ஓடியது 32 எம்.பி. ரேம் வைத்த பழைய பென்டியம். நடுக்குப்பத்துப் பெரியவர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தார். குலதெய்வப் படத்தை ஸ்கேன் செய்து பக்கத்தில் வைத்தபோது மிஷின் உறைந்து நின்றது. மூன்று முறை அணைத்துப் போட்டேன். "கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க அண்ணே, புது போர்டு வரப்போவுது" என்றேன். அவர் பொன்னேரிக்குப் போய் அடித்துக்கொண்டார். கல்யாணத்துக்கு எனக்கும் ஒரு பத்திரிகை வைத்தார், அது வேறு.

வைக்கும்போது சொன்னார்: "பாடு வந்த அன்னிக்கு வலை கட்டலைன்னா அது போச்சு தம்பி. அடுத்த தபா தண்ணி நல்லாயிருக்கும்னு எவனாவது ஊட்ல படுத்துக் கெடப்பானா?" பாடு என்பது இங்கே மூன்று நான்கு தலைமுறைக்கும் முந்தைய ஏற்பாடு. எந்த நாள், எந்த இடத்தில், யார் இறால் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். முறை தவறினால் மறுபடி சுற்றி வரும்வரை கை கட்டி நிற்க வேண்டும். அவர் சொன்னது உறைத்தது. ஆனாலும் நான் இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தேன்.

செப்டம்பரில் 845 வந்தது, எஸ்.டி. ரேமுக்கு மட்டும். பொறுமை அந்த இடத்தில் தீர்ந்துபோய்த் தீபாவளிக்கு அதையே வாங்கினேன். பொங்கல் வருவதற்குள் டி.டி.ஆர். போர்டு வந்துவிட்டது. என் போர்டில் 168 பின், டி.டி.ஆருக்கு 184, மாற்றிச் சொருகவும் வழியில்லை. ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. பிறகு அதே போர்டில் ஏழு வருஷம் பத்திரிகை அடித்தேன்.

பையனிடம் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, இப்போது நிலைமை வேறு என்றேன். ஏ.எம்.டி. 2003லேயே அத்லான் 64இல் மெமரி கன்ட்ரோலரைப் பிராசசருக்குள் வைத்துவிட்டது. இன்டெல் 2008இல் நெஹாலமில் அதைச் செய்தது. முகத்துவாரம் ஏரிக்குள்ளேயே போய்விட்ட மாதிரி. இன்றைய சிப்செட்டிடம் மிச்சமிருப்பது யு.எஸ்.பி., சாட்டா, கொஞ்சம் பி.சி.ஐ. தடங்கள், பிறகு ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டலாமா கூடாதா என்ற பூட்டு. எந்த ரேம் என்பதைப் பிராசசரும் போர்டில் உள்ள ஸ்லாட்டும் தீர்மானிக்கின்றன. 600, 700 வரிசை இன்டெல் போர்டுகளில் டி.டி.ஆர். 4க்கு ஒன்று, 5க்கு ஒன்று என்று தனித்தனியே விற்றார்கள். 800 வரிசையில் 5 மட்டும்தான். அடுத்த பிராசசரான நோவா லேக் 2026 கடைசியில் என்று இன்டெல் சொல்லியிருக்கிறது. சாக்கெட்டும் மாறும் என்று பேச்சு. அதாவது போர்டும் புதிதாக வாங்க வேண்டும்.

இப்போது பயப்பட வேண்டியது ரேம் விலைக்குத்தான். ஏ.ஐ. சர்வர்களுக்குச் சில்லுகள் போவதால் 2025 கடைசியில் சில மாதங்களுக்குள் டி.டி.ஆர். 5 விலை இரண்டு மூன்று மடங்கு ஏறியது. மைக்ரான் டிசம்பரில் குரூஷியல் என்ற தன் சில்லறை ரேம் வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. சிப்செட் வரும்வரை பொறுத்திருந்தால், அதில் சொருகும் ரேம் என்ன விலைக்குப் போயிருக்குமோ.

"அப்ப வாங்கிடட்டுமா மாமா?"

வாங்கு என்றேன். அவனுக்கு வேலை இருக்கிறது. கல்லூரிப் பிராஜெக்டை மார்ச்சில் கொடுக்க வேண்டும்.

கடலோரம் இருக்கும் உங்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். உப்புக் காற்றில் ரேம் பின் கறுத்துவிடும்; ஒருநாள் காலையில் சிஸ்டம் பீப் பீப் என்று கத்தும், திரையில் ஒன்றும் வராது. போர்டு போய்விட்டது என்று ரிச்சி தெருவுக்கு ஓடாதீர்கள். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிரப்பரால் பின்னை மெல்லத் தேய்த்து, தூசியைத் துடைத்து, இரண்டு பக்கமும் 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். எங்கள் ஊரில் பத்துக்கு ஏழு மிஷின் அதிலேயே எழுந்துவிடுகிறது.