கடல் கடந்து கற்கும் மருத்துவம்

நோய்க்கு நாட்டெல்லை இல்லை என்பர். எலும்பும் நரம்பும் எத்தேசத்தவருக்கும் ஒன்றே. ஓரிடத்தில் மெய்ப்பிக்கப்பட்ட மருந்து மற்றோரிடத்திலும் பயன் தருகின்றது. ஆயின் நோயாளிக்கு ஊர் உண்டு, மொழி உண்டு, வீட்டு அடுப்பும் வயல் வரம்பும் உண்டு. நோவு எங்கேயென்று சொல்ல அவன் கையாளும் சொல்லும், வைத்தியரிடம் எதனைச் சொல்லலாம் எதனைச் சொல்லலாகாது என்று அவன் கொண்டிருக்கும் எண்ணமும் அவன் பிறந்த மண்ணுக்குரியவை. மருத்துவக் கல்வி இவ்விரு உண்மைகளுக்கும் இடையிலேயே நடைபெறுகின்றது. மருத்துவ மாணவர் சில வாரங்களேனும் பிறநாட்டு வைத்தியசாலை ஒன்றிற் பயில வேண்டும் என்னும் கருத்தின் பெறுமதியையும் இவ்விடத்து வைத்தே நோக்குதல் பொருத்தமாகும்.

இக்கருத்து புதியதன்று. 1816 ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து நெக்கர் வைத்தியசாலையில் லெனெக் என்னும் வைத்தியர், காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துச் செவிமடுத்தார். ஸ்டெதஸ்கோப் அவ்வாறு பிறந்தது. 1819 இல் அதனைப் பற்றி அவர் நூலும் வெளியிட்டார். எனினும் மார்புக்குள் எழும் ஒலிகளை ஏட்டைப் படித்து அறிதல் எங்ஙனம்? அறிந்தவர் அருகில் நின்று கேட்டே பழக வேண்டும். எனவே பிறநாட்டு மாணவர் பலர் பாரிசை நாடினர். அதே நகரிற் பியேர் லூயி என்பவர் நோயாளரை எண்ணிக் கணக்கிட்டு, நியுமோனியாவுக்கு இரத்தம் வடித்தல் வைத்தியர்கள் நம்பிய அளவுக்குப் பயன் தரவில்லை எனக் காட்டினார். 1833 முதல் இரண்டாண்டு காலம் அங்கே கற்ற அமெரிக்கரான ஒலிவர் வென்டெல் ஹோம்ஸ் தாயகம் திரும்பிய பின், 1843 இல், பிரசவக் காய்ச்சலை வைத்தியரே ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குக் கொண்டு செல்கின்றனர் என்று சான்றுகளை அடுக்கி எழுதினார். மூத்த வைத்தியர் சிலர் சினந்தனர். கருவி ஒன்றைக் கப்பலில் அனுப்பியிருக்கலாம். எவர் சொன்னதாயினும் எண்ணிப் பார்த்தே நம்ப வேண்டும் என்ற பழக்கத்தை அவ்வாறு அனுப்புதல் இயலாது. அதனை ஒருவன் சென்று பெற்றே வர வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இது தலைகீழாக நிகழ்ந்தது. மாணவர் கடல் கடக்கவில்லை, ஆசிரியர் கடந்தார். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் இங்கு வந்து, மானிப்பாயை நிலைக்களமாகக் கொண்டு, அறுபதுக்கு மேற்பட்டோரை வைத்தியராகப் பயிற்றினார். தொடக்கத்தில் ஆங்கிலத்திற் கற்பித்தவர் பின்னர் தமிழிற் கற்பிக்கலானார். ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் நாடி ஊரை விட்டகல்வர், தமிழிற் கற்றவர் ஊரிலேயே தங்குவர் என்ற எண்ணமும் இம்மாற்றத்துக்கு ஒரு காரணமாயிற்று. இது கூர்ந்து நோக்கத்தக்கது. இன்றைய விவாதம் ஒன்றின் வேர் அங்கேயே கிடக்கின்றது. தம் மாணவரின் துணையுடன் அவர் மேலைத்தேய மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1873 இல் தாயகம் சென்ற பின்னரும் அப்பணி ஓயவில்லை; கெமிஸ்தம் என்னும் இரசாயன நூல் வெளிவந்தது 1875 இல். கற்பிக்க வந்தவர் ஒரு மொழியைக் கற்றுச் சென்றார் என்பதே இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

இன்றைய பரிமாற்றத் திட்டங்களின் கதை இரண்டாம் உலகப் போரின் பின்னர் தொடங்குகின்றது. 1951 இல் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்கேகனில் மருத்துவ மாணவர் சங்கங்களின் சர்வதேச சம்மேளனம் உருவாயிற்று. சற்று முன்னர் வரை ஒன்றையொன்று அழிக்க முயன்ற நாடுகளின் இளைஞரும் அங்கே ஒன்று கூடினர். இச்சம்மேளனத்தின் ஒழுங்கு எளிமையானது. ஒரு நாட்டுச் சங்கம் ஒரு மாணவனை அனுப்பினால் மற்றைய நாட்டுச் சங்கம் ஒருவனைப் பதிலாக அனுப்பும். தங்குமிடத்தையும் நாளொன்றுக்கு ஒருவேளை உணவையேனும் வரவேற்கும் நாட்டு மாணவர் ஏற்பாடு செய்வர். பயணச் செலவு செல்பவனுடையது. காலம் பெரும்பாலும் நான்கு வாரம். பெருந்தொற்றினால் 2020 இல் இப்போக்குவரத்து தடைப்படும் வரை ஆண்டுதோறும் 10,000 இற்கும் மேற்பட்டோர் இவ்வாறு சென்று வந்தனர். பின்னர் அது மீண்டும் தொடங்கிற்று. இதற்குப் புறம்பாக, பிரித்தானிய மாணவர் தம் கற்கையின் இறுதிக் கட்டத்திற் சில வாரங்களை விரும்பிய நாட்டிற் கழிக்கும் வழக்கமும் உண்டு. இலங்கை வைத்தியசாலைகளுக்கு வரும் வெளிநாட்டு மாணவருட் பலர் அவ்வழியில் வருபவரே.

இவ்வளவால் விளையும் நன்மை யாது? ஐரோப்பிய மாணவி ஒருத்தி இங்கு வந்து கண்ணாடி விரியன் கடியையும் எலிக்காய்ச்சலையும் டெங்குவையும் காண்கின்றாள் என்பர். உண்மைதான், ஆயின் அது சிறிய நன்மை. தன் நாட்டில் அவள் இந்நோய்களை மறுபடியும் காண்பது அரிது. நிரம்பி வழியும் நோயாளர் விடுதி ஒன்றிலே, ஸ்கான் எடுக்கும் முன்னரே கையால் தொட்டும் காதால் கேட்டும் நோயைத் துணியும் வைத்தியரைக் காண்பதே அவளுக்குப் பெரிய பாடம். அவ்வாறே டென்மார்க்கிற்குச் செல்லும் இலங்கை மாணவன் புதிய இயந்திரங்களைக் கண்டு வியப்பதில் அதிகம் இல்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய வைத்தியர் ஒருவர் இருப்பதையும், பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லுமுன் நோயாளி அவரிடமே செல்வதையும், அவர் நோயாளியை அமரச் செய்து நோயின் பெயரையும் சிகிச்சையின் தீங்குகளையும் விளக்கிச் சம்மதம் கேட்பதையும் அவன் காண்கின்றான். 'ஐயா சொன்னால் சரி' என்று துண்டைக் கையில் வாங்கிச் செல்லும் நோயாளரையே கண்டு பழகியவனுக்கு இது உறுத்தும். உறுத்தவும் வேண்டும். ஊரில் இயல்பு என்று கருதியது இயல்பன்று, வெறும் வழக்கமே என்று அவன் உணரும் கணத்துக்காக நான்கு வாரம் செலவிடுதல் தகும்.

எனினும் இத்திட்டங்களைப் புகழ்வோர் நோயாளியை மறந்து விடுகின்றனர். செல்வந்த நாட்டு மாணவன், தன் நாட்டிற் செய்ய அனுமதிக்கப்படாத ஒன்றை ஏழை நாட்டில் செய்து பார்க்கின்றான் என்ற குற்றச்சாட்டு மருத்துவ ஏடுகளிலேயே பலமுறை எழுந்துள்ளது. தையலிடுதல், பிரசவம் பார்த்தல் போன்றவற்றிற் போதிய பயிற்சி இல்லாதவன் கை வைப்பது எந்நாட்டிலும் தவறே. நோயாளி மறுக்கவில்லை என்பதைச் சம்மதமாகக் கொள்ளலாகாது. இலவச வைத்தியசாலையிற் படுத்திருப்பவள் மறுப்பதற்குரிய துணிவை எங்கிருந்து பெறுவாள்? வருகின்ற மாணவன் பார்க்கலாம், கேட்கலாம், மேற்பார்வையில் தன் தரத்துக்குரியதைச் செய்யலாம். அதற்கு மேல் இல்லை என்று வரவேற்கும் பீடமே வரையறுத்தல் வேண்டும்.

ஒன்றுக்கு ஒன்று என்ற ஒழுங்கு ஏட்டிலே சமமானது. விசா அலுவலகத்தில் அது சமமன்று. வங்கியிற் பணம் உண்டென்று காட்டவேண்டிய இடத்திலே தோட்டத்திலிருந்தோ வன்னியிலிருந்தோ பல்கலைக்கழகம் வந்த பிள்ளை பின்தங்குகின்றது. இலவசக் கல்வி நாட்டில் வசதியுள்ளோருக்கு மட்டும் திறக்கும் கதவாக இது அமையுமாயின் அதனை நன்மை என்று கொள்வது கடினம்.

வெளியே செல்பவர் திரும்பி வராது போய்விடுவர் என்ற அச்சமும் உண்டு. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின் பின் வைத்தியர் பெருந்தொகையாக நாட்டை நீங்கியமை இவ்வச்சத்தை வலுப்படுத்திற்று. ஆயினும் ஒரு மாதப் பயணத்தை இதற்குப் பொறுப்பாக்குதல் நியாயமன்று. வைத்தியர் நீங்குவது சம்பளத்தாலும் வாழ்க்கைச் செலவாலும். வெளிநாட்டுப் பதிவுக்கான பரீட்சைகளை எழுதியே அவர்கள் நீங்குகின்றனர். கிறீன் அஞ்சியதும் இதனையே. மொழியை மாற்றி அவர் தடுக்க முயன்றார். இன்று மருத்துவம் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படும் நாட்டில் அத்தடை எடுபடாது.

இத்திட்டங்களால் அதிகம் பெறுபவர் எங்கும் செல்லாத மாணவரே எனின் வியப்பாக இருக்கலாம். விருந்தினளுக்கு மொழிபெயர்க்க நிற்கும் உள்ளூர் மாணவனை எண்ணிப் பார்க்க. "ஆச்சி, என்ன செய்யுது?" என்று அவன் கேட்கின்றான். "நெஞ்சுக்குள்ளை வாய்வு பிடிச்ச மாதிரிக் கிடக்குது, தம்பி" என்கிறாள் கிழவி. வாய்வு என்பதை அவன் ஆங்கிலத்தில் எவ்வாறு சொல்வான்? வயிற்றுக் காற்று என்றால் ஒரு நோய். மார்பு நோவு என்றால் வேறொரு நோய். பின்னையது மாரடைப்பாகவும் இருக்கலாம். அதுவரை கேட்டும் கேளாமலும் கடந்து சென்ற சொல்லை அவன் நிறுத்தி, "எந்த இடத்திலை ஆச்சி? நடக்கேக்கை கூடுதோ? கைக்கும் நோகுதோ?" என்று மீண்டும் கேட்க வேண்டியவனாகின்றான். வெள்ளைக்காரப் பெண் அருகில் நின்றிராவிடின் அக்கேள்விகள் எழுந்திருக்குமோ என்பது ஐயமே.

அந்நியம் என்பது எப்போதும் ஐரோப்பாவிலேயே இருப்பதுமன்று. 1978 இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் இன்று சிங்கள மாணவரும் கணிசமாகக் கற்கின்றனர். அம்மாணவர் நோயாளரின் கட்டிலருகே முதலிற் கற்கும் தமிழ்ச் சொற்களுள் ஒன்று 'நோகுது'. காலியிலோ அம்பாறையிலோ கடமைக்குச் செல்லும் தமிழ் வைத்தியரும் 'ரிதெனவா' என்ற சொல்லை விரைவிலே கற்றுக்கொள்கின்றார். அவர்களை முன்கூட்டியே ஒரு மாதம் அவ்விடங்களுக்கு அனுப்பிப் பழக்க விசாவும் வேண்டியதில்லை, விமானச் சீட்டும் வேண்டியதில்லை.