மண்ணும் ஒரு கம்பிதான்

2023 மார்ச் 7. தர்மபுரி மாவட்டத்தில், பாலக்கோட்டை அடுத்த மாரண்டஅள்ளிக்குப் பக்கத்தில், காளிக்கவுண்டன்கொட்டாயில் மூன்று யானைகள் மின்வேலியில் அடிபட்டுச் செத்துக் கிடந்தன. பிழைத்த இரண்டு குட்டிகளும் தாய்களை விட்டு நகராமல் அங்கேயே நின்றன. காட்டுப் பன்றிக்காகக் கட்டிய வேலி அது. தர்மபுரிக்காரர்களால் அந்தக் குட்டிகளை மறக்க முடியாது.

மின்சாரம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வர வேண்டும், வழி அறுந்தால் பல்பு எரியாது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பேட்டரி, பல்பு, சுவிட்ச், போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி. அந்தப் படம் மனசில் பதிந்துபோனதால்தான், ஒற்றைக் கம்பி என்ன செய்துவிடும் என்று தோன்றுகிறது போலும். மோட்டார் கொட்டகையிலிருந்து பேஸ் ஒயரை இழுத்து வேலியில் கட்டினால் திரும்பிவரக் கம்பியே வேண்டாம். டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலை எர்த் செய்திருக்கிறார்கள். தொட்ட உயிரின் உடம்பில் புகுந்து, கால் வழியே மண்ணில் இறங்கி, மண் வழியாகவே கரண்ட் அங்கே போய்ச் சேர்கிறது. தண்ணீர் பாய்ச்சிய கொல்லையில் இது இன்னும் சுலபம். கம்பியில் உட்காரும் காக்கை பிழைப்பது இந்த மண் வழி கிடைக்காததால்தான். இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன, மண்ணைத் தொடவில்லை.

ஃபியூஸ் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. 230 வோல்ட்டை, ஈரமான மனித உடம்பின் தடையான ஏறத்தாழ 1000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர். மோட்டாருக்குப் போட்ட ஃபியூஸ் பல ஆம்பியர் தாங்கும். இதை அது உணரவே உணராது. ஆனால் இதயத் துடிப்பைக் குலைக்க 0.1 ஆம்பியரே போதும். இரவில் மடை திருப்பப் போகிறவரையும் மாடு தேடிப் போகும் பிள்ளையையும் அந்த வேலி பிரித்துப் பார்க்காது.

முறையான சோலார் வேலியிலும் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு. ஆனால் அது நொடிக்கு ஒரு தடவை, கண நேரத் துடிப்பாக மட்டும் வரும். சுள்ளென்று அடிக்கும், உயிரை எடுக்காது. வேலியில் எழுதியிருக்கும் வோல்ட் எண்ணை மட்டும் பார்த்து எது ஆபத்து என்று முடிவு செய்வது தவறு. கரண்ட் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு.

பன்றி ஒரே ராத்திரியில் கொல்லையை உழுதுவிட்டுப் போகும் வேதனை எனக்கும் தெரியும். அதற்காக லைன் கரண்டை வேலியில் விடுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். அது சட்டப்படியும் குற்றம்.

அந்த மூன்று யானைகள் செத்த அதே மார்ச் மாதம் 18ஆம் தேதி, கம்பைநல்லூர் பக்கம் மேடேறிய ஒரு யானை, மேலே போன மின்கம்பியைத் தொட்டு இறந்தது. அங்கே வேலியே இல்லை. உங்கள் ஊரில் கம்பி தாழ்ந்து தொங்கினால் கழியால் தூக்கிக் கட்டப் போகாதீர்கள். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணில், உடனே சொல்லுங்கள்.