காலிக் கோட்டையில் இரண்டு நாட்கள்

நமது இலக்கிய நண்பர்களிடம் ஸ்பெயினைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது ஒரு பெருமூச்சு. கொர்டோவா, கிரனாடா, அல்ஹம்ரா என்ற பெயர்களை ஆசிரியர் கலாசாலையில் பயின்ற நாட்களிலேயே நான் மனனம் செய்திருந்தேன். அந்தலூஸுக்காக எழுதப்பட்ட இரங்கற் கவிதைகளும் எத்தனையோ வாசித்தாயிற்று. ஆனால் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று எனது நண்பர்களில் ஒருவராவது சொல்லக் கேட்டதில்லை.

என் மனைவி வரலாறு கற்பிப்பவள். பெருமூச்சில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை கிடையாது. சென்ற தவணை விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன் தொலைபேசியில் மாலகா நகரத்தின் படமொன்றைக் காட்டினாள். மலை மேல் பழைய முஸ்லிம் கோட்டை, கீழே துறைமுகம், எங்கும் மஞ்சள் வெயில். அந்தக் கடற்கரைக்கே சூரியக் கரை என்றுதான் பெயராம்.

"ரெண்டே ரெண்டு நாள். நீங்களும் நானும் மட்டும். நல்லா இருக்கும், என்ன?" என்றாள்.

வலப்பனையில் அன்று காலையிலிருந்தே மூடுபனி. கொடியில் போட்ட துணிகள் மூன்று நாளாகக் காயவில்லை. வெயில் என்ற சொல்லைக் கேட்டதுமே உடம்பில் ஒரு சூடு ஏறியது உண்மை. ஆனால் இரண்டு ஆசிரியர்களின் சம்பளம் விமானம் ஏறுகிற சம்பளம் அல்ல.

"அப்ப காலிக்குப் போவோம். அங்கயும் வெயில் இருக்கு, கடல் இருக்கு, கோட்டை இருக்கு. இப்னு பதூதா ரெண்டு இடத்துக்கும் போனவர்தானே?" என்றாள்.

அது வெறும் சமாதானப் பேச்சல்ல. மொரோக்கோவின் தஞ்சா நகரத்தில் பிறந்த இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்தார். பாவா ஆதம் மலையில் ஏறி இறங்கி, தெற்கே தெவிநுவரைக்குப் போய், அங்கிருந்து காலிக்கு வந்தார். காலியில் அவரை உபசரித்தவர் இப்றாஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர். ஆறு வருடங்கள் கழித்து, ஏறத்தாழ 1350இல், அதே மனிதர் மாலகாவுக்குப் போய் அதன் அத்திப்பழத்தையும் மாதுளையையும் பொன்னிறப் பீங்கானையும் புகழ்ந்தார். இரண்டு ஊர்களும் ஒரே பயண நூலில்தான் இருக்கின்றன.

காலி எனக்குப் புதிதல்ல. இருபது வருடத் தொழிலில் நான்கு தடவை போயிருக்கிறேன். நான்கும் பாடசாலைச் சுற்றுலாக்கள். அப்போதெல்லாம் நான் பார்த்தது தலைகளைத்தான். பஸ்ஸில் ஏறும்போது 42, இறங்கும்போது 42. இம்முறை எண்ண வேண்டியது ஒரு தலை மட்டும். அதுவும் என்னை விடக் கவனமான தலை.

விடியற்காலை பஸ் ரிக்கில்லகஸ்கடையையும் ஹங்குரன்கெத்தவையும் தாண்டிக் கண்டிக்கு இறங்கியது. ஹங்குரன்கெத்த ஒரு காலத்தில் கண்டி மன்னர்களின் அரண்மனை இருந்த ஊர். அந்த மன்னர்களின் நினைவு பின்னால் தேவைப்படும். கண்டியிலிருந்து கொழும்பு, கொழும்பிலிருந்து கரையோரப் புகையிரதம். பெரேலியவைக் கடக்கும்போது பெட்டியில் பேச்சு அடங்கியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஒரு முழுப் புகையிரதத்தையும் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களையும் வாரிக்கொண்ட இடம் அது. அதே கடல் அன்று காலியின் பஸ் நிலையத்தையும் கிரிக்கெட் மைதானத்தையும் நொறுக்கியது. கோட்டைக்குள் இருந்தவர்களைப் பெருமளவுக்கு மதில் காப்பாற்றியது.

அந்த மதிலை முதலில் எழுப்பத் தொடங்கியவர்கள் போர்த்துக்கேயர். 1640இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர்தான் இன்று காணும் உருவத்துக்குக் கட்டிப் பெருப்பித்தார்கள். பழைய வாயிலின் உட்புறத்தில் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னமும் 1669 என்ற ஆண்டும் இருக்கின்றன. சின்னத்தின் மேல் ஒரு சேவல். காலி என்ற ஊர்ப்பெயர் போர்த்துக்கேயரின் காதில் சேவலைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லாக விழுந்ததாம். மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். "ஊர்ப் பேரையே பிழையாக் கேட்டவங்க ஆக்களுக்கு என்ன பேர் வச்சிருப்பாங்க?" என்றாள்.

அந்தக் கேள்வி பகல் முழுக்க எங்களோடு நடந்தது. நமது பிறப்புச் சான்றிதழில் தமிழில் சோனகர் என்றும் ஆங்கிலத்தில் மூர் என்றும் இருக்கிறதே, அந்த மூர் வந்த வழி எது? வட ஆபிரிக்காவின் ஒரு பகுதிக்கு ரோமர் இட்ட பெயரில் பிறந்து, ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் முஸ்லிம்களைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது அது. 1487இல் மாலகா கிறிஸ்தவ மன்னர்களிடம் வீழ்ந்து, அதன் மக்களில் பெரும்பாலோர் அடிமைகளாக்கப்பட்டார்கள். 1492இல் கிரனாடாவும் போயிற்று. 1505இல் அதே தீபகற்பத்துப் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தார்கள். இந்தத் துறைமுகங்களில் தொழுகிறவர்களைக் கண்டதும், ஊரில் பழகிய அதே பெயரால் அழைத்தார்கள். மாலகாவைக் கனவிலும் காணாத நமது மூதாதையருக்கு மாலகாக்காரரின் பெயர் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

பெயர் மட்டும் வரவில்லை. ஸ்பெயினில் எஞ்சியிருந்த முஸ்லிம் வம்சத்தவர் 1609க்கும் 1614க்கும் இடையில் நாடுகடத்தப்பட்டார்கள். 1626இல், போர்த்துக்கலும் ஸ்பெயின் மன்னரின் முடியின் கீழ் இருந்த காலத்தில், இலங்கையில் போர்த்துக்கேயர் தமது பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஆனால் இங்கே கதை வேறு விதமாக முடிந்தது. கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்றுக்கொண்டு, சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். அந்தலூஸிலிருந்து விரட்டப்பட்டவர்கள் கடல் தாண்ட வேண்டியிருந்தது. இங்கு விரட்டப்பட்டவர்களுக்கு மலைக்கு இந்தப் பக்கம் ஓர் அரசன் இருந்தான். ஹங்குரன்கெத்தவைத் தாண்டி வந்த பஸ் பயணம் அப்போதுதான் எனக்கு வேறொன்றாகத் தெரிந்தது.

மாலையில் மதில் மேல் நடந்தோம். கொடிக்கல் பக்கத்தில் இளைஞர்கள் பாறையிலிருந்து கடலுக்குள் பாய்ந்து காட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் படம் பிடித்தார்கள். மேலை நாட்டார் வெயில் தேடி இத்தனை தூரம் வருகிறார்கள் என்று நான் முன்னர் சிரித்ததுண்டு. அன்று நானும் கல்லில் சாய்ந்து வெயிலை வாங்கிக்கொண்டிருந்தேன். இருபது வருடத்தில் முதல் தடவையாக, நாங்கள் பிள்ளைகளின் படிப்பையோ பாடத்திட்டத்தையோ பேசாமல் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம்.

வெளிச்சவீட்டுக்கு எதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். 1904இல் கட்டப்பட்டது. இரண்டு கோபுரங்களோடு முகப்பைப் பார்த்தால் தேவாலயம் என்றே எவரும் நினைப்பார்கள். சற்றுத் தள்ளி பெட்லர் வீதி. பெட்லர் என்றால் பொருளைச் சுமந்து விற்கும் சில்லறை வியாபாரி. ஒல்லாந்தர் காலத்துப் பெயரில் அது சோனக வியாபாரிகளின் வீதி. 1892இல் தொடங்கிய இப்றாஹீமிய்யா அறபுக் கல்லூரியும் இந்தக் கோட்டையின் பிள்ளைதான்.

நாங்கள் தங்கியது ஒரு சோனகக் குடும்பத்தின் வீட்டில். முன்னறை இரண்டை விருந்தினருக்கு விட்டிருந்தார்கள். இரவு இடியப்பமும் சொதியும் வைத்த வீட்டுக்கார உம்மாவிடம் மனைவி விசாரித்தாள். 1988இல் கோட்டை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்ததும், பின்னர் வெளிநாட்டார் வந்து பழைய வீடுகளை வாங்கத் தொடங்கியதும், வீடுகள் ஹோட்டல்களாகவும் நகைக் கடைகளாகவும் மாறியதும் எங்களுக்கும் தெரிந்த செய்திதான். இந்த வீட்டையும் பல பேர் கேட்டு வந்தார்களாம்.

"வித்தா சல்லி கெடைக்கும் மகள். எங்கட சொந்தக்காரங்களும் வித்துட்டு வெளியில பெய்த்தாங்க. அவங்களக் குத்தம் சொல்ல ஏலாது, பிள்ளைகள் அஞ்சு பேருக்கு ஒரு ஊட்டப் பிரிக்க ஏலுமா? ஆனா எனக்கு இந்தப் பள்ளிட பாங்கு கேக்காட்டி நித்திரை வராது" என்றார் உம்மா.

அன்றிரவு எனக்குக் கொர்டோவாவின் நினைவு வந்தது. 785இல் தொடங்கிய அந்தப் பெரிய பள்ளிவாசல் 1236இல் தேவாலயமாயிற்று. தூண்கள் நிற்கின்றன. வளைவுகள் நிற்கின்றன. உலகமே வந்து பார்க்கிறது. முஸ்லிம்கள் அங்கே தொழுவதற்கு மட்டும் அனுமதியில்லை. அதைப் போரும் அரசாணையும் செய்தன. காலியில் எவரும் எவரையும் விரட்டவில்லை. விலை ஏறுகிறது, வீடு சிறிதாகிறது, மக்கள் விருப்பத்தோடு கையெழுத்திடுகிறார்கள். ஆனால் கட்டடம் அழகாகவும் வீடுகள் வெறுமையாகவும் போய் முடிந்தால், பார்க்க வருகிறவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

மறுநாள் திரும்பும் வழியில் கொழும்பு நூதனசாலையில் இறங்கி ஒரு கல்லைப் பார்த்தோம். சீனத் தளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டுத் திகதியோடு காலிக்குக் கொண்டுவந்த கல். சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தென்னாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. 1911இல் கண்டெடுக்கும்போது காலியில் ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததாம். இத்தனை பெரிய சாட்சியத்தின் மேல் எத்தனை வண்டிகள் ஓடினவோ! மனைவி அதன் முன்னே நெடுநேரம் நின்றாள். "இத எட்டாம் வகுப்புக்குக் கொண்டுபோய்ப் படிப்பிக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தலூஸை நினைத்து வருந்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அங்கே இழந்தது பெரிது. ஆனால் நமது துயரத்தில் ஒரு பங்கையாவது, இன்னும் இழக்காத ஊர்களின் மீது அக்கறையாக வைக்கலாம். வாசகர்களில் வசதியுள்ளவர்கள் மாலகாவுக்குப் போங்கள், நல்லது. மற்றவர்கள் காலிக்குப் போங்கள். பகலில் பார்த்துவிட்டு ஓடி வராமல் ஓர் இரவாவது தங்குங்கள். ஊர்க்காரர் வீட்டிலேயே தங்குங்கள். நீங்கள் கொடுக்கும் வாடகை அந்த வீடு விற்கப்படுவதை ஒரு மாதம் தள்ளிப்போடலாம். சுபஹுத் தொழுகைக்கு அந்தப் பள்ளியில் ஒரு தலை கூடுதலாகவும் இருக்கும்.