ஊசியை மாற்றுவதா, எந்திரத்தை மாற்றுவதா?

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனியில் நுழைந்து "டேப் எங்கே?" என்று கேட்டாலும் அளவு நாடாவைத்தான் எடுத்து நீட்டுவார்கள். எங்கள் இல்லத்தில் மட்டும் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டு. 2020-ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, மகளின் இணையவழி வகுப்புக்காக நான் வாங்கிய டேப்லெட்தான் அது.

பள்ளி திறந்ததும் அது அத்தாவின் கைக்குப் போயிற்று. எழுத்தைப் பெரிதாக்கிச் செய்தித்தாள் படிப்பார். துபாயிலிருக்கும் தம்பிக்குத் தம் குரலைப் பதிவு செய்து அனுப்புவார். அத்தா வஃபாத்தான பின் அது அம்மாவிடம் வந்து சேர்ந்தது. மாலையில் தம்பியின் முகத்தை அதில் பார்க்காவிட்டால் அம்மாவுக்கு இரவு உணவு இறங்காது.

கடந்த ஓராண்டாக அது தளர்ந்து போயிற்று. 40 விழுக்காடு மின்சாரம் இருப்பதாகக் காட்டும்போதே அணைந்துவிடும். "புதுசு வாங்கிடலாம் அத்தா" என்றாள் மகள். "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார் அம்மா. இருவருக்கும் நடுவில் நான்.

என் தொழில் கற்றுத் தந்த அளவுகோல் ஒன்று உண்டு. ஓவர்லாக் எந்திரத்தில் ஊசி மழுங்கினால் துணியில் ஓட்டை விழும். அதற்காக எந்திரத்தை எவரும் தூக்கி எறிவதில்லை, ஊசியை மாற்றுகிறோம். எனினும், இன்னும் ஒரு நாள் ஓட்டலாம் என்று மழுங்கிய ஊசியோடு தைப்பவர் துணியையே இழப்பார். அவசரமும் நட்டம், தாமதமும் நட்டம்.

என் தாமதம் ஒருநாள் என்னைத் திடுக்கிட வைத்தது. டேப்லெட்டின் பின்மூடி சற்றே மேலெழும்பியிருந்தது. அம்மாவோ அதைச் சார்ஜில் போட்டுத் தலையணையருகே வைத்து உறங்குபவர்! உள்ளே பேட்டரி உப்பியிருந்தது. லித்தியம் பேட்டரி ஒவ்வொரு முறை சார்ஜ் செய்யும்போதும் சிறிது வலுவிழக்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும். உப்பிய பேட்டரி தீப்பிடிக்கவும் கூடும். அதைச் சார்ஜ் செய்வதோ அழுத்துவதோ ஆகாது.

"இன்றே புதியது வாங்குகிறேன்" என்றேன். அம்மா அதை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டார்: "புதுசுல உங்க அத்தா பேசுனதெல்லாம் இருக்குமாப்பா?"

அப்போதுதான் புரிந்தது. அம்மா காத்து வந்தது கருவியை அன்று.

பழுது பார்ப்பவரிடம் கொடுத்துப் பேட்டரியை மாற்றினேன். புதியது வாங்கும் விலையில் சிறு பங்குதான் செலவாயிற்று. முதல் வேலையாக, அத்தாவின் குரல் பதிவுகளையும் படங்களையும் கணினியிலும் தனியாக ஒரு மெமரி கார்டிலும் படியெடுத்து வைத்தேன். அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுவிட்டபடியால், வங்கிக் கணக்கு தொடர்பான அனைத்தையும் அதிலிருந்து நீக்கிவிட்டேன்.

தம்பியின் முகத்தைக் காட்டும் செயலி இந்தப் பழைய ஆண்ட்ராய்டில் இயங்க மறுக்கும் நாள் வரும். அன்று இதை மாற்றிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மெதுவாக இயங்குகிறது என்பதோ, கடையில் புதியது வந்துவிட்டது என்பதோ காரணம் ஆகாது. எந்த வேலைக்காக வைத்திருக்கிறோமோ அந்த வேலை ஆபத்தின்றி நடக்கிறதா என்பதே கேள்வி.

மாற்றும் நாளிலும் பழையதைக் குப்பையில் வீசுவதற்கில்லை. 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகள், மறுசுழற்சிப் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்துகின்றன. பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் அதைச் சேர்ப்பது நம் பொறுப்பு. நொய்யலில் சாயக்கழிவை விட்டதன் விளைவாக, 2011-இல் உயர்நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதைக் கண்ட ஊர் இது. எறிந்தது எங்கும் போய்விடாது என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

படியெடுத்த பதிவொன்றை என் செல்போனில் போட்டுக் காட்டினேன். அத்தாவின் குரல் கணீரென்று ஒலித்தது. அம்மா கண்களைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இனி எப்ப வேணும்னாலும் மாத்திக்கப்பா."